மொட்டை மாடிப் பனியை விழுங்கினால் குடல் அடைக்குமா?

அடைக்காது. கத்திரி வெயிலில் பேத்தியின் பிறந்தநாளுக்கு, தூளில் தண்ணீர் ஊற்றிச் செய்யும் செயற்கைப் பனியை மொட்டை மாடியில் கொட்டிய வேலூர் சத்துவாச்சாரி பாட்டிக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக் குழந்தை அதில் கொஞ்சம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள், வயிற்றுக்குள் போய் நூறு மடங்கு ஊதும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார், நான்கு நாளாகத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

யூடியூப்காரர் சொன்னது பாதி உண்மை. அந்தத் தூளின் பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். ராத்திரி குழந்தைக்குக் கட்டும் டயப்பருக்குள் இருப்பதும் இதே சரக்குதான். வெறும் தண்ணீர் பட்டால் தன் எடையைப் போல நூறு மடங்குக்கு மேல் குடித்துப் பொசபொசவென்று எழும்பும். ஆனால் உங்கள் பேத்தி தின்றது ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்து முடித்த பனி. போதாததற்கு, உப்பு அதற்கு ஆகாது. மிச்சம் இருந்தால் ஒரு ஸ்பூன் உப்பைத் தூவிப் பாருங்கள், கொழகொழவென்று அடங்கிவிடும். வயிற்றிலும் உப்பும் அமிலமும் இருப்பதால் அங்கே அது பெரிதாக ஊதாது. மலத்தோடு போயிருக்கும். காய்ந்த தூள்தான் தொண்டையில் ஒட்டும், கண்ணை உறுத்தும். அதில் தண்ணீர் ஊற்றுவதைப் பெரியவர்கள் செய்யட்டும்.

சளி பிடிக்குமா? பிடிக்காது. அது சில்லென்று இருப்பது மண்பானை சில்லென்று இருப்பதைப் போலத்தான். புற்றுநோய் வருமா? இந்த ஒரு வாய்ப் பனியால் வராது.

வாந்தி எடுக்க வைக்க ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் உப்பைக் கரைத்துக் கொடுத்தீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்னக் குழந்தைக்கு அவ்வளவு உப்பு உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவள் துப்பிவிட்டது அவள் சமர்த்து. பனி செய்யாததை உப்பு செய்திருக்கும்.

சரி, கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். "அதே டப்பாவில் கடுகு மாதிரி கலர் கலராக ஜெல்லி உருண்டைகளும் இருந்தன" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான். அதுவும் இதே வகைச் சரக்கு, ஆனால் காய்ந்த உருண்டை. மெல்ல மெல்லத் தண்ணீர் குடித்து ஒரு நாளில் கோலிக்குண்டு அளவுக்கு வரும், பெரிய ரகம் அதையும் தாண்டும். சிறுகுடலில் மாட்டினால் நகராது. மிட்டாய் என்று நினைத்து அவள் ஒன்றை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலே, வாந்தி வரட்டும் என்று காத்திராமல் இன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை என்றால் கவனிக்க வேண்டியது ஒன்று: திரும்பத் திரும்ப வாந்தி, அதுவும் பச்சை நிறத்தில். பித்த வாந்தி என்று இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அப்படி வாந்தி எடுத்தாலோ வயிறு உப்பியிருந்தாலோ ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ குழந்தை அறுவை மருத்துவர் இருக்கும் வேறு இடத்துக்கோ கிளம்புங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். இந்த உருண்டை எக்ஸ்ரேயில் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் ஸ்கேனில் தேடுவார்கள்.