பழைய ஸ்கேன் ரிப்போர்ட் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 58. மாதவிடாய் நின்று ஆறு வருடமாகிறது. போன வருடம் திடீரென்று ரத்தம் பட்டது. உள்வழி ஸ்கேன் எடுத்துவிட்டு, ‘கர்ப்பப்பையின் உள்சவ்வு 3 மில்லிமீட்டர்தான், பயமில்லை’ என்றார்கள். இப்போது மறுபடியும் இரண்டு தடவை லேசாகப் பட்டிருக்கிறது. ‘அதான் ரிப்போர்ட் இருக்கிறதே’ என்கிறார் கணவர். திரும்பவும் போக வேண்டுமா டாக்டர்?

பதில்: போக வேண்டும் அம்மா, இந்த வாரமே.

உங்கள் ரிப்போர்ட்டில் தப்பில்லை. முதல் தடவை ரத்தம் பட்டவருக்கு உள்சவ்வு 4 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ இருந்தால், புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதனால்தான் அன்றைக்குச் சதை எடுக்காமல் விட்டிருப்பார்கள். ஆனால் திரும்பப் பட்ட பிறகு அந்த 3 மில்லிமீட்டரை நம்பி உட்காரக் கூடாது. சவ்வு தடிக்காமலே வளரும் புற்றுநோய்களும் உண்டு. இனி ஸ்கேன் மட்டும் போதாது, பயாப்ஸி வேண்டும்; அதாவது உள்சவ்விலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமலே, மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுப்பார்கள். சில நிமிட வேலை. மாதவிடாய் வலி போல அடிவயிறு இழுக்கும். இதில் ஒரு சங்கடம்: குழாய்க்குக் கண் கிடையாது. மூலையில் ஒரு பாலிப் (சவ்விலிருந்து வளரும் சின்னச் சதைக்கட்டி) தொங்கினால், அதைத் தொடாமலே வெளியே வந்துவிடும். சவ்வு மெலிந்தவர்களுக்கு ‘போதுமான திசு இல்லை’ என்று ரிப்போர்ட் வருவதும் சகஜம். அதை ‘நார்மல்’ என்று படித்து ஃபைலில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தாலும் சரி, நல்ல ரிப்போர்ட் வந்தும் ரத்தம் தொடர்ந்தாலும் சரி, ஹிஸ்டரோஸ்கோபி கேளுங்கள். சின்னக் கேமராவால் உள்ளே நேரில் பார்த்து, சந்தேகப்பட்ட இடத்திலேயே சதை எடுப்பார்கள். பாலிப் இருந்தால் பல சமயம் அப்போதே எடுத்தும் விடலாம்.

கூடவே கர்ப்பப்பை வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் சோதனை, நன்றாக இருந்தது என்பதை வைத்துக் கர்ப்பப்பைக்கும் சேர்த்து நற்சான்றிதழ் கொடுக்க முடியாது.

பயந்துவிடாதீர்கள். இந்த வயதில் ரத்தம் படுவதற்கு ஹார்மோன் குறைந்து உள்தோல் மெலிவதுதான் பெரும்பாலும் காரணம். புற்றுநோய் என்று தெரிவது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. அதுவும் ரத்தம் காட்டிக்கொடுப்பதால் பலருக்கு ஆரம்பத்திலேயே பிடிபடுகிறது.

மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் சாப்பிட்டிருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ, வீட்டில் யாருக்காவது குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோய் இருந்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரை, உடல் எடை பற்றியும்தான். சிறுநீரிலோ மலத்திலோ வருகிற ரத்தமா என்பதையும் கவனித்து வையுங்கள்.

அப்புறம், ‘ரத்தம் நிற்கட்டும், போகலாம்’ என்று தள்ளிப்போட வேண்டாம். பட்டுக்கொண்டிருக்கும்போதே வந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எங்களுக்கும் சுலபம்.