யுங்கர்ஸ் எஃப் 13: நெளித்தகடு ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

யுங்கர்ஸ் எஃப் 13 என்ற ஜெர்மன் விமானம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1919இலேயே முழு உலோகத்தில் பயணிகள் விமானம் கட்டியவர்கள், மேல்தகட்டை நெளிநெளியாக விட்டது ஏன்? காற்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசை, அதாவது இழுவை, அதிகமாகாதா? சுமையைத் தாங்குவது தகடா, உள்ளே இருக்கும் சட்டமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டுமே தாங்குகின்றன, ஆனால் வெவ்வேறு சுமையை. சிறகுக்குள் டியூராலுமின் என்ற அலுமினியக் கலவையாலான ஒன்பது குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்குத் தண்டுகள் அவற்றை முக்கோணங்களாகப் பிணைக்கின்றன. சிறகை மேல்நோக்கி வளைக்கும் விசை குழாய்களுக்கு. முறுக்கும் விசை தகட்டுக்கு.

தகட்டின் கனம் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதைத் தட்டையாகப் போர்த்தினால் சிறு அழுத்தத்திலேயே குழிந்து மடங்கும். தடுக்க வேண்டுமானால் உள்ளே நெருக்கமாக விலாச்சட்டங்கள் வைக்க வேண்டும். எடை கூடும், தகட்டை இணைக்கும் ரிவெட் ஆணிகளும் கூடும். அன்று ரிவெட் லேசான வேலையல்ல. டியூராலுமின் ரிவெட்டைச் சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கி நீரில் தோய்த்தால் சில மணி நேரம்தான் இளகி இருக்கும், பிறகு தானே இறுகிவிடும். தாமதித்து அடித்த ரிவெட்டின் தலை வெடிக்கும்.

நெளிவு சிறகின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு ஓடுகிறது. அந்தத் திசையில் தகடு விறைப்பானது. விலாச்சட்டம் இல்லாமலே சிறகின் வடிவம் நிற்கிறது. குறுக்குத் திசையிலோ ஆர்மோனியத் துருத்திபோல் விரிந்து சுருங்கும். வளைக்கும் விசையை அதனிடம் ஒப்படைக்க முடியாது. ஒன்பது குழாய்கள் தேவைப்பட்டது அதனால்தான்.

இழுவை பற்றி நீங்கள் கேட்டது சரி. காற்று நெளிவுக்கு இணையாகவே ஓடும் என்பது கணக்கு. ஆனால் சிறகு நுனியிலும், உடல் சேரும் இடத்திலும், புரொப்பெல்லர் தள்ளும் சுழல்காற்றிலும் அது சாய்ந்து ஓடி நெளிவின் மேடுகளில் மோதுகிறது. காற்று உரசும் பரப்பும் அதிகம். 185 குதிரைத்திறன் எஞ்சினில் மணிக்கு 140 கி.மீ. அளவில் போன விமானத்துக்கு இந்த இழப்பு பொறுக்கக்கூடியது. வேகம் இரட்டித்தால் இழுவையை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். 1930களில் 300 கி.மீ.யைத் தாண்டிய ஒற்றை எஞ்சின் யு 160ஐ யுங்கர்ஸ் வழவழப்பான தகட்டில்தான் கட்டியது.

1919இன் பொருளுக்கும் எஞ்சினுக்கும் நெளித்தகடே சரியான முடிவு என்பேன். அதன் மெய்யான பலவீனம் வேறு: தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பு. மிதவை பொருத்திக் கடலில் இறக்கினால் அங்கே உப்புநீர் தங்கும். டியூராலுமினில் 4 சதவீதம் அளவுக்குச் செம்பு இருப்பதால் அரிப்பு உள்ளுக்குள்ளேயே பரவும். வண்ணப்பூச்சு கொப்பளித்துத் தூக்கும்போதே அந்தத் தகட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.