முயல் தின்றதா, அடகு தின்றதா?

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். சுருக்கம் இது:

"நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 1,17,000 ரூபாய். டவுனில் வாடகை வீடு. ஒன்றரை வருடத்துக்கு முன் மகளுக்காக 5,000 ரூபாய்க்கு ஒரு சோடி முயல் வாங்கினோம். இரண்டும் பெண் என்றுதான் கடையில் சொன்னார்கள். இப்போது வீட்டுக்குள் ஆறு குட்டிகளும் ஓடுகின்றன. வயர் கடிக்கின்றன, சோபாவின் காலைக் கடிக்கின்றன. முயல் வந்த நாளிலிருந்து வீட்டில் காசு தங்குவதில்லை என்று மாமியார் தினமும் சொல்கிறார். உண்மையாகவே மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தம்பி வேறு மாதிரிச் சொல்கிறான். முயலை விற்காதே, நாலு இலட்சம் போட்டுப் பண்ணையாகச் செய்வோம், குட்டிகளை ஒரு கம்பனியே திருப்பி வாங்கும் என்கிறான். அதற்கு என் நகை அடகைப் புதுப்பித்து மேல்பணம் எடுக்கச் சொல்கிறான். முயல்களைக் கொடுத்துவிடுவதா, தம்பி சொல்வதைக் கேட்பதா?"

நீங்கள் கேட்ட இரண்டில் எதுவும் உங்கள் பிரச்சினை இல்லை. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், "அடகு விபரம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பிரச்சினை. வரவு செலவை எழுதி வையுங்கள் என்று கணக்குப் படிப்பிக்கும் ஓர் ஆசிரியைக்கு நான் சொல்லத் தேவையில்லை. எழுதித்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கொப்பியில் முயலுக்கு வாங்கிய கரட் இருக்கிறது, அடகு வட்டி இல்லை.

முதலில் முயல் கணக்கைப் பார்ப்போம், மாமியாருக்கும் ஒரு பதில் வேண்டுமே. நீங்கள் எழுதியபடி மாதத்துக்கு முயல் தீனி 2,400, கரட் மரக்கறி 3,600, மரத்தூள் 800, குளிருக்கு இரவு முழுக்க எரியும் பல்ப் ஏறக்குறைய 1,000, மிருக வைத்தியர் செலவு சராசரியாக 1,000. மொத்தம் 8,800 ரூபாய்.

இதில் பாதிக்கு மேல் தேவையே இல்லாத செலவு. முயலின் பிரதான சாப்பாடு புல்தான். அதன் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார் உள்ள புல்லை நாள் முழுக்க மென்றால்தான் பல் தேயும், குடலும் ஓடும். கரட் இனிப்புப் பண்டம் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு போதும். நுவரெலியாப் பக்கத்திலிருந்து மரக்கறி இறங்கும் ஊரில் இருந்துகொண்டு கிலோக் கணக்கில் கரட் வாங்கிப் போடுகிறீர்கள். சந்தையில் மரக்கறிக்காரர் கிள்ளிப் போடும் கரட் இலையைக் கேட்டால் சும்மாவே தருவார், நன்றாகக் கழுவிக் கொடுங்கள். வளர்ந்த முயலுக்குக் கடைத் தீனியும் கொஞ்சம் போதும், பாதியாக்கிவிடலாம். ஒரேயடியாக மாற்றாமல் ஓரிரு வாரத்தில் மெதுவாகக் குறையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: தேயிலை மலை ஓரத்துப் புல்லை அறுக்க வேண்டாம். களைகொல்லி எந்த வாரம் அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பல்பை இன்றிரவே அணைக்கலாம். 100 வாட் பல்ப் பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட், மாதம் 30 யூனிட். நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. அந்த 30 யூனிட் மொத்தப் பாவனையையே அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும். முயலுக்குக் குளிர் பெரிய எதிரி இல்லை, உடம்பிலேயே கம்பளி இருக்கிறது. ஈரமும் நேராக அடிக்கும் காற்றும்தான் ஆகாது. வெயில் சூடு அதைவிட ஆகாது. ஹட்டன் மழையில் கூண்டு காய்ந்திருந்தால் போதும். மரத்தூளுக்குப் பதில் பழைய பேப்பரும் காய்ந்த புல்லும் போடுங்கள். முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும் என்பதால் அந்த மூலையில் ஒரு தட்டு வைத்துப் பழக்கலாம், வேலையும் குறையும். வயர்களை பிவிசி குழாய்க்குள் விடுங்கள். வருடத்துக்கு 14,000 ரூபாய்க்குச் சார்ஜரும் டிவி வயரும் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். குழாய்க்கு அதில் சிறு பங்குகூட ஆகாது. கரண்ட் வயரைக் கடித்து முயல் செத்துப்போகும் ஆபத்தும் நீங்கும்.

பெரிய வேலை ஒன்று இருக்கிறது: ஆணையும் பெண்ணையும் இன்றே பிரித்து வையுங்கள். முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள்தான். குட்டி போட்ட அன்றே மறுபடி சினைப்பிடிக்கக்கூடிய பிராணி அது. குட்டிகளும் நாலு மாதம் அளவில் பருவத்துக்கு வந்துவிடும். அவற்றில் ஆண் எது, பெண் எது என்று கடைக்காரரிடம் கேட்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஆண் முயலுக்கு ஆண்மை நீக்கம் செய்வது பெண்ணுக்குச் செய்வதைவிட எளிய சத்திரசிகிச்சை. பக்கத்தில் முயல் பார்த்துப் பழகிய வைத்தியர் இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலையில் கேளுங்கள். செய்த பிறகும் சில வாரம் பிரித்தே வைக்க வேண்டும். குட்டிகளை நல்ல வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் தீனி 1,200, கீரை 800, பேப்பரும் புல்லும் 300, வைத்தியத்துக்கென்று தனியாக எடுத்து வைக்கும் 1,500, ஆக 3,800 ரூபாய். மாதம் 5,000 மிச்சம். அந்த 1,500ஐத் தொடாதீர்கள். முயல் அரை நாள் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட முடியாது. அந்த நேரத்தில் யாரிடமும் கைமாற்றுக் கேட்டு ஓட வேண்டியிருக்கக் கூடாது.

கூண்டை ஏதோ ஒரு ஆப்பில் மூன்று தவணையாக வாங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வட்டி இல்லை என்கிறார்கள், சரி. தவணை தவறினால் என்ன அறவிடுவார்கள் என்று பார்த்தீர்களா? கூண்டுக்குத் தவணை கேட்கும் நிலையில் இருப்பவர் கூண்டு வாங்குவதைத் தள்ளிப்போடலாம். அவ்வளவுதான், இதற்கு மேல் அந்த ஆப்களைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

தாலிக்கொடியும் வளையல்களுமாக 4 பவுண். முதல் தடவை அடகுக் கடையில் வைத்து எடுத்தது 2,50,000. மாத வட்டி 2 சதவீதம். முழுத்தொகையும் தம்பியின் வேன் முற்பணத்துக்குப் போனது. ஒரு வருடத்தில் வட்டி 60,000 சேர்ந்தது, அதை நீங்கள் கட்டவில்லை. தங்கம் விலை ஏறியிருந்ததால் கடைக்காரர் 4,00,000க்குப் புது அடகுச் சீட்டு எழுதி, பழைய 3,10,000ஐக் கழித்துக்கொண்டு, 90,000ஐக் கையில் தந்தார். அது தம்பியின் லீசிங் பாக்கிக்கு. அடுத்த வருட வட்டி 96,000. மறுபடி தங்கம் ஏறியது, மறுபடி புதுச் சீட்டு, இம்முறை 6,40,000. கழித்தது போகக் கைக்கு வந்தது 1,44,000. அதில் தம்பிக்கு ஒரு இலட்சம், மீதியில் வோஷிங் மெஷினும் முயல் கூண்டின் முதல் தவணையும்.

கூட்டிப் பாருங்கள். மூன்று தடவையில் உங்கள் கைக்கு வந்தது 4,84,000. சீட்டில் இருப்பது 6,40,000. நடுவில் உள்ள 1,56,000 வட்டி. அந்த வட்டியையும் முதலாக்கி, அதற்கும் வட்டி ஓடுகிறது. இன்றைய கணக்கில் மாதம் 12,800 ரூபாய். ஒழுங்குபடுத்தாத முயல் செலவைவிட 4,000 ரூபாய் அதிகம்.

இது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை? மாதாமாதம் யாரும் வந்து கேட்பதில்லை. முயல் தீனிக்கு வாரா வாரம் கையிலிருந்து காசு எடுத்துக் கொடுக்கிறீர்கள், அது மாமியாருக்கும் தெரிகிறது. அடகு வட்டியோ சத்தமில்லாமல் சீட்டில் ஏறுகிறது. புதுப்பிக்கும் நாளில் பார்த்தால் காசு கட்டுவதற்குப் பதில் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். கடன் கூடிய நாள் உங்கள் வீட்டில் வருமானம் வந்த நாள் மாதிரி இருக்கிறது. "அக்கா, விலை ஏறியிருக்கு, திருப்பி வச்சா கையில காசு வரும்" என்று தம்பி சொல்வதும் அதனால்தான். தங்கம் விலை ஏறினால் அந்த இலாபம் உங்களுடையது, தங்கச்சி. அதை ஒவ்வொரு வருடமும் வட்டிக்கு எடுத்துத் தம்பிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். விலை இறங்கும் வருடம் ஒன்று வந்தால் கடைக்காரர் புதுச் சீட்டு எழுத மாட்டார், ஏலத்துக்குத் திகதி எழுதுவார்.

தம்பியின் பண்ணைத் திட்டத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. பத்துப் பெண், மூன்று ஆண், கூண்டுகள், எல்லாம் நாலு இலட்சம். ஒரு பெண் முயல் வருடம் ஆறு தடவை, தடவைக்கு ஆறு குட்டி, மொத்தம் 360 குட்டி, ஒன்று 1,800 ரூபாய்க்குக் கம்பனி வாங்கும், வருடம் 6,48,000. ஒரு குட்டிகூடச் சாகாத, ஒரு தாய்கூட நோயாகாத கணக்கு. அதையும் விடுங்கள். கூண்டுகளுக்கு ஒரு இலட்சம் என்று தாராளமாகவே வைத்தாலும் மீதி மூன்று இலட்சத்துக்குப் பதின்மூன்று முயல். ஒன்று 23,000 ரூபாய். நீங்கள் ஒரு சோடியையே 5,000க்கு வாங்கினீர்கள். உங்களிடம் 1,800க்கு வாங்குவதை அடுத்த ஆளிடம் 23,000க்கு விற்றால்தான் அந்தக் கம்பனி ஓடும். ஹட்டன் டவுனில் முயல் இறைச்சி தேடி வரிசையில் நிற்பவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த ஆள் வராத மாதம் உங்கள் குட்டியை வாங்கவும் ஆள் வராது. 2012இல் தமிழ்நாட்டின் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்க்கப் பணம் போட்டவர்களுக்கு நடந்தது இதுதான். குஞ்சு தருகிறோம், கொட்டகை தருகிறோம், நாங்களே திருப்பி வாங்குகிறோம் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள்.

இதற்காக நாலு இலட்சம் மேல்பணம் எடுத்தால், கடைசிச் சீட்டு எழுதி இதுவரை ஆன ஆறு மாத வட்டியும் சேர்ந்து சீட்டு 11,16,800 ஆகும். மாத வட்டி 22,300 ரூபாய். உங்கள் வீட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

என்ன செய்யலாம்? பாடசாலையில் இருபது பேர் போடும் பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டில் அடுத்த மாதம் உங்கள் முறை, இரண்டு இலட்சம் வரும், அதில் மகளுக்குச் சங்கிலி எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், மகளின் சங்கிலி காத்திருக்கும். அந்தப் பணத்தை அப்படியே அடகுக் கடைக்குக் கொண்டு போங்கள். அதற்குள் ஏழு மாத வட்டி 89,600 ஆகியிருக்கும். அதைக் கட்டி மீதி 1,10,400ஐ முதலில் கழித்தால் நிற்பது 5,30,000 அளவு.

அதற்கு முன், இந்த வாரமே, டவுனில் உள்ள இரண்டு மூன்று வங்கிகளில் அடகு வட்டியை விசாரியுங்கள். பேச்சுக்கு வருடம் 13 சதவீதம் என்று வையுங்கள். 5,30,000க்கு மாதம் 5,700 ரூபாய் சொச்சம்தான். கடையில் அதே தொகைக்கு 10,600. கடையிலிருந்து நகையை மீட்டுத் தங்கள் பக்கம் மாற்றித் தருவார்களா என்றும், இடையில் சிறு தொகையாக முதலைக் கட்ட முடியுமா என்றும் வங்கியிலேயே கேளுங்கள். முடியாது என்றால் வளையல்களுக்கு வேறு, தாலிக்கொடிக்கு வேறு என்று கடையில் சீட்டைப் பிரிக்கச் சொல்லி, சிறியதை முதலில் மீட்டு வங்கியில் வைத்து, அந்தப் பணத்தால் அடுத்ததை மீட்கலாம். "நான் மீட்டுத் தருகிறேன், கொமிஷன் தந்தால் போதும்" என்று வரும் இடைத்தரகரிடம் நகையையும் சீட்டையும் ஒன்றாகக் கொடுத்துவிடாதீர்கள்.

தம்பியிடமும் பேசத்தான் வேண்டும். அவருக்குப் போனது 4,40,000. வேன் ஓடுகிறது, ஸ்கூல் ஹயர் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மொத்தமாகக் கேட்காதீர்கள், கிடைக்காது, சண்டைதான் மிஞ்சும். மாதம் 10,000 ரூபாயை உங்கள் கையில் தராமல் உங்கள் பெயரில் உள்ள அடகுக் கணக்குக்கே அவர் கட்டட்டும். அம்மா அப்பா முன்னிலையில் பேசுங்கள், அவர்களுக்கு அடகுச் சீட்டையும் காட்டுங்கள். அவர் கட்டினால், முயல் செலவில் மிஞ்சும் 5,000மும், பாடசாலைச் சீட்டு முடியும் ஆறு மாதத்துக்குப் பிறகு உங்கள் 10,000மும் சேர்ந்து, இரண்டே கால் வருடத்தில் நகை வீட்டுக்கு வரும். அவர் கட்டாவிட்டால் நாலு வருடத்துக்கு மேல் ஆகும். அப்போதும் வரும், ஆனால் ஒரு நிபந்தனை: தங்கம் எவ்வளவு ஏறினாலும் மேல்பணம் எடுக்கக் கூடாது. மாதம் பத்தாயிரம் கட்ட முடியாது என்று தம்பி சொன்னால், பண்ணைக்கு அவரை நம்பி நாலு இலட்சம் எடுக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கும் அவரே பதில் சொல்லிவிட்டார்.

மாமியாரிடம் அடகு விபரத்தைச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கணவருக்காவது முழுத்தொகை தெரியுமா? கடிதத்தில் அது தெளிவாக இல்லை. தெரியாதென்றால் வங்கிக்குப் போகுமுன் சொல்லுங்கள், போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.