ஜெல் நெயில் பாலிஷ் போட்டால் கண் இமை வீங்குமா?

கேள்வி: எனக்கு வயது 23. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பி.காம் முடித்துவிட்டு வீட்டிலேயே நெயில் ஆர்ட் செய்கிறேன். முதலில் சாதாரண நெயில் பாலிஷில் பல்குச்சி, ஹேர்பின் எல்லாம் வைத்துப் பூ, புள்ளிக்கோலம் என்று போட்டுக்கொண்டிருந்தேன். போன வருடம் ஆன்லைனில் ஜெல் பாலிஷ் கிட்டும் ஒரு சின்ன யு.வி. விளக்கும் வாங்கினேன். தெருவில் உள்ள பெண்களும் சொந்தக்காரர்களும் வந்து போட்டுக்கொள்கிறார்கள், கைச்செலவுக்குக் காசும் வருகிறது. இரண்டு மாதமாக என் விரல் நுனிகளில் அரிப்பு. தோல் உரிந்து வெடிக்கிறது. கண் இமை அடிக்கடி வீங்குகிறது. இரண்டு நகங்கள் நுனியிலிருந்து வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு வருகின்றன. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த படை க்ரீமைப் போட்டால் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. "எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடு" என்கிறார் அம்மா. தை மாதம் அக்கா கல்யாணம். நான் நெயில் ஆர்ட்டையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: நெயில் ஆர்ட்டை விட வேண்டாம். ஜெல்லை விடுங்கள், அதுவும் இன்றைக்கே. நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாதுதான். ஆனால் விரல் நுனி, கண் இமை, நகம் என மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்திருப்பதால், ஜெல் பாலிஷில் உள்ள அக்ரிலேட் வகை ரசாயனங்களால் வரும் ஒவ்வாமை என்றுதான் முதலில் சந்தேகப்படுகிறேன். தோல் மருத்துவர்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்கத் தொடர்புத் தோல் அழற்சிச் சங்கம் 2012-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அக்ரிலேட்டைத்தான் அறிவித்தது.

சாதாரண நெயில் பாலிஷ் காற்றில் உலர்கிறது. அதில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போனால் வண்ணப் படலம் நகத்தில் தங்கிவிடும். ஜெல் அப்படி உலர்வதில்லை. அதில் மோனோமர் என்னும் மிகச் சிறிய மூலக்கூறுகள் இருக்கின்றன. விளக்கின் ஒளி பட்டதும் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான பிளாஸ்டிக்காக மாறுகின்றன. முழுதாக இறுகிய ஜெல் பெரும்பாலும் தொந்தரவு தராது. இறுகாத ஜெல் தோலில் படுவதுதான் ஆபத்து. ஹெமா என்ற மோனோமர் அந்த அளவுக்குச் சின்னது, எளிதாகத் தோலுக்குள் இறங்கிவிடும். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி அதை ஒரு முறை எதிரியாகக் குறித்துக்கொண்டால், அதற்கப்புறம் துளி பட்டாலும் அரிப்புதான். "ஒரு வருஷமா போடறேன், ஒண்ணும் ஆகலையே" என்று நினைத்திருப்பீர்கள். இந்த வகை ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை, மாதக்கணக்கில் பட்டுப்பட்டுத்தான் வரும்.

வீட்டில் ஜெல் போடும்போது இறுகாத திரவம் எங்கெங்கே படுகிறது என்று பாருங்கள். பிரஷ் நகத்தின் ஓரத்தைத் தாண்டினால் தோலில் படும். நிறையப் பேர் அதை விரலாலேயே துடைத்துவிடுகிறார்கள். சின்ன விளக்குக்குள் நான்கு விரலும் நேராக நிற்கும், கட்டைவிரல் மட்டும் சாய்ந்தே இருக்கும். அதன் ஒரு பக்கம் சரியாக இறுகாது. ஒரு கம்பெனி ஜெல்லை இன்னொரு கம்பெனி விளக்கில் வைத்தால், மேலே பளபளப்பாகத் தெரிந்தாலும் அடியில் ஈரமாகவே இருக்கலாம். வண்ணம் நன்றாகத் தெரியட்டும் என்று தடிமனாக ஒரே பூச்சாகப் பூசினாலும் இதே கதிதான். விளக்கிலிருந்து கையை எடுத்ததும் நகத்தின் மேல் பிசுபிசுப்பு இருக்கும் இல்லையா? காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதால் இறுகாமல் நின்ற படலம் அது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அதைத் துடைக்கும்போது பஞ்சைப் பிடித்திருக்கும் உங்கள் விரல் நுனிக்கும் அது வந்துவிடுகிறது. வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் உங்களுக்கு மட்டும் ஏன் வந்தது என்பதற்குப் பதிலும் இதுதான். அவர்கள் மாதம் ஒரு முறை போட்டுக்கொள்கிறார்கள், நீங்கள் தினமும் அதைத் தொடுகிறீர்கள்.

கையுறை போட்டுக்கொண்டு தொடரலாமே என்று தோன்றும். கடையில் கிடைக்கும் மெல்லிய லேட்டக்ஸ், நைட்ரைல் கையுறைகளை இந்த மோனோமர்கள் சில நிமிடங்களிலேயே கடந்துவிடும். அது போதுமான பாதுகாப்பு இல்லை.

கண் இமைக்கு வருவோம். நெயில் பாலிஷ் கையில்தானே, கண் ஏன் வீங்குகிறது என்று குழம்புவது இயல்பு. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையின் தோல்தான். நாம் நம்மை அறியாமல் ஒரு நாளில் எத்தனையோ தடவை முகத்தைத் தொடுகிறோம். தடித்த விரல் தோல் தாங்குகிற அளவைக்கூட இமை தாங்காது. அதனால் சிலருக்கு விரலில் ஒன்றுமே இல்லாமல் இமையும் கழுத்தும் மட்டும் சிவந்து அரிக்கும். அவர்கள் கண் மையை மாற்றுவார்கள், சோப்பை மாற்றுவார்கள், கண் மருத்துவரிடம் போய்ச் சொட்டு மருந்து வாங்குவார்கள். நகத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சாதாரண பாலிஷில் சேர்க்கப்படும் ஒரு வகைப் பிசினாலும் இமையில் இதே போல வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அக்ரிலேட் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். சொத்தைப் பல்லை அடைக்கும் வெள்ளை நிறப் பொருளிலும், மூட்டு மாற்று அறுவையில் எலும்போடு ஒட்டவைக்கும் சிமெண்டிலும், சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் பட்டையின் பசையிலும் இதே குடும்பத்து ரசாயனங்கள் உண்டு. 23 வயதில் ஒரு வண்ணத்துக்காகச் சம்பாதித்த ஒவ்வாமை, 60 வயதில் முழங்கால் அறுவைக்குப் போகும்போது குறுக்கே நிற்கக்கூடும். இனி பல் மருத்துவரிடம் போனால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் விதி கொண்டுவந்து, ஹெமா கலந்த நகப் பூச்சுகளைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. நம் ஊரில் அதே பொருள், லேபிளில் பொருள் பட்டியல்கூட இல்லாமல், 'வீட்டிலேயே போடலாம்' என்று கிட்டாக விற்கப்படுவது எனக்குப் பெரிய வருத்தம். டி.பி.ஓ. என்ற இன்னொரு ஜெல் பொருளையும் 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடை செய்துவிட்டார்கள். அந்தத் தடை ஒவ்வாமைக்காக வந்ததல்ல. விலங்கு ஆய்வுகளில் இனப்பெருக்கத்தைப் பாதிப்பது தெரிந்ததால் வந்தது.

இப்போது உங்கள் நகத்தில் ஜெல் இருந்தால் அதைப் பிய்த்து எடுக்காதீர்கள். பிய்க்கும்போது நகத்தின் மேல் அடுக்கும் கூடவே வந்துவிடும். சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவிவிட்டு, அசிட்டோன் நனைத்த சின்னப் பஞ்சை நகத்தின் மேல் மட்டும் வைத்து அலுமினிய ஃபாயிலால் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் பொறுத்திருங்கள். தானாகவே நெகிழும். உங்களுக்கு வெடிப்பு இருப்பதால் இதை நீங்களே செய்யாமல், ஜெல் ஒவ்வாமை இல்லாத ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள். ராவினால் கிளம்பும் தூளும் உங்களுக்கு ஆகாது.

அசிட்டோன் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் ஹாலும் அடுப்படியும் ஒரே அறை. அசிட்டோனின் ஆவி மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. காற்றைவிட எடை கூடியது என்பதால் தரையோடு ஊர்ந்து போகும். அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் எரியாத நேரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும். பக்கத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது. செயற்கை நகம் ஒட்டும் உடனடிப் பசையும் அப்படித்தான். அது பஞ்சிலோ பருத்தித் துணியிலோ கொட்டினால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும், மேலே உடுத்தியிருக்கும் காட்டன் நைட்டியில் கொட்டினாலும் அதே ஆபத்துதான்.

மெடிக்கல் ஷாப் க்ரீமை நிறுத்துங்கள். 'படை க்ரீம்' என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆண்டிபயாடிக் மூன்றும் கலந்த கலவை. ஸ்டீராய்டு இருப்பதால் போட்டவுடன் குறையும். நாள்பட விரல் தோலை மெலியச் செய்யும். இமையில் தடவினால் கண் அழுத்தம்வரை போகலாம். உங்களுக்கு ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படலாம். ஆனால் கைக்கு ஒரு வீரியம், இமைக்கு வேறு மருந்து, எத்தனை நாள் என்பதெல்லாம் மருத்துவர் பார்த்து எழுத வேண்டியவை. அதுவரை கைக்கு வாசலின் தடவுங்கள். பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க, உள்ளே பருத்திக் கையுறையும் மேலே வினைல் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கிக்கொண்ட இரண்டு நகங்களையும் முடிந்தவரை குட்டையாக வெட்டிவிடுங்கள். அடியில் குச்சியை விட்டுச் சுரண்ட வேண்டாம், சுரண்டச் சுரண்ட இன்னும் பிரியும். வெள்ளையாகத் தெரிகிறதே என்று மேலே பாலிஷ் போட்டு மறைக்கவும் கூடாது. இடைவெளியில் தண்ணீர் தங்கினால் சூடோமோனாஸ் என்ற கிருமி சேர்ந்து நகம் பச்சையாகிவிடும். நகம் தூக்குவது எல்லாமே பூஞ்சை என்று நினைத்து மாத்திரை சாப்பிடாதீர்கள். சோரியாசிஸிலும் தைராய்டு கோளாறிலும்கூட நகம் தூக்கும். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழு நகம் புதிதாக வர ஆறு மாதம் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

யு.வி. விளக்கால் புற்றுநோய் வருமா என்று வருகிறவர்கள் கேட்டால், எப்போதாவது போடுபவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்று சொல்லலாம்.

இனி நீங்கள் என்ன செய்யலாம்? கை முழுதாக ஆறியபின் சாதாரண பாலிஷுக்கே திரும்புங்கள். முதலில் ஒரே விரல் நகத்தில் மட்டும் பூசி ஒரு வாரம் விரலையும் இமையையும் கவனியுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் மெதுவாகத் தொடரலாம். நீங்கள் சொன்ன புள்ளிக்கோலத்துக்கு ஜெல்லே தேவையில்லை. பேஸ் கோட் ஒன்று போட்டு உலரவிட்டால் சிவப்பு, மெரூன் சாயம் நகத்தில் ஏறி மஞ்சளாக்காது. அதன்மேல் அடர் நிறம் ஒரு பூச்சு. ஹேர்பின்னின் உருண்டை முனையில் வெள்ளையைத் தொட்டு மூன்று புள்ளி, இரண்டு புள்ளி, ஒரு புள்ளி. ஈரம் காயுமுன் பல்குச்சியால் இழுத்து வளைத்தால் கட்டைவிரல் நகத்தில் ஒரு சிக்குக் கோலமே வந்துவிடும். டாப் கோட்டோடு முடித்துவிடலாம். நகத்துக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் விட்டே பூசுங்கள். அந்த இடைவெளி இருந்தால் கோலமும் எடுப்பாகத் தெரியும்.

அடி நகத்தை ஒட்டியுள்ள மெல்லிய தோலைத் தள்ளுவது, வெட்டுவது இரண்டையும் நிறுத்திவிடுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு ரப்பர் பீடிங் எப்படியோ அப்படித்தான் நகத்துக்கு அந்தத் தோல். அது இருக்கும்வரை தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாது, வெட்டினால் நகச்சுத்திக்கு வழி திறந்துவிடும். காசிமேட்டில் மீன் ஆய்கிற அக்காக்களுக்கு நாள் முழுக்க ஐஸும் தண்ணீரும் பட்டு அந்தத் தோல் ஏற்கெனவே ஊறிப் போயிருக்கும். அவர்கள் ஆசையோடு உங்களிடம் வந்தால் நிறம் மட்டும் பூசி அனுப்புங்கள், அந்த ஓரத்தைத் தொடாதீர்கள். நகச்சுத்தி வந்தால் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டுவது நம் வீடுகளில் வழக்கம். குளிர்ச்சியில் வலி கொஞ்சம் மட்டுப்படலாம். ஆனால் சீழ் கட்டியிருந்தால் எலுமிச்சை அதை வெளியேற்றாது, மருத்துவர் கீறிவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களின் கால் நகத்தில் கருவியே வைக்காதீர்கள். உங்கள் கருவிகளை ஒவ்வொருவருக்கும் இடையில் சோப்பால் கழுவி ஸ்பிரிட்டில் துடைத்தே ஆக வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். ஆஸ்பத்திரிக்குப் போகிற யாருக்காவது அடர் நிறம் பூச வேண்டியிருந்தால் ஒரு விரலையாவது வெறுமையாக விடுங்கள். ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் கறுப்பு, நீலம் போன்ற நிறங்களில் தவறான எண் காட்டக்கூடும். ரத்தசோகையில் வெளுத்திருப்பதையும் மூச்சுத் திணறலில் நீலம் பாய்ந்திருப்பதையும் நாங்கள் நகத்தில்தான் பார்க்கிறோம்.

உங்கள் அம்மா சொன்னதில் பாதி சரி. ஜெல் பாட்டில்களையும் விளக்கையும் எடுத்து வைத்துவிடுங்கள், ஆனால் பாட்டில்களையும் பெட்டியையும் உடனே குப்பையில் போடாதீர்கள். அவற்றில் பொருள் பட்டியல் இருந்தால் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டுமா என்று அங்கே முடிவெடுப்பார்கள். சந்தேகப்படும் பொருட்களை மிகச் சிறு அளவில் முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைத்திருப்பார்கள். எடுத்த அன்றும், மேலும் ஓரிரு நாள் கழித்தும் தோலைப் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. அதனால் கல்யாண வாரத்தில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள், மார்கழிக்குள் முடித்துவிடுங்கள். கல்யாணத்துக்கு அக்கா விரலுக்குச் சாதாரண பாலிஷில் கோலம் போடுங்கள். உங்கள் விரலில் வெடிப்பு ஆறாமல் இருந்தால் அன்றைக்கு நீங்கள் வடிவத்தை வரைந்து காட்டி, வேறு யாரையாவது பூசச் சொல்லுங்கள். மருதாணி வைக்க நினைத்தால் இலையை அரைத்தே வையுங்கள். சீக்கிரம் கறுக்கும் என்று விற்கும் கறுப்பு மெஹந்தியில் தலைச்சாய ரசாயனமான பி.பி.டி. கலந்திருக்கலாம். அதுவும் உங்களைப் போன்ற தோலுக்குக் கொப்புளம் வரவைக்கும்.