நீண்டகால உறவுச் சோதனைகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், இரண்டு காலத்தொடர்களை எடுத்து, ஒன்றை மற்றொன்றால் விளக்கும் ரிக்ரஷன் போட்டேன். ஆர்-ஸ்கொயர் (எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, உச்சம் 1) 0.97. நீண்டகால உறவு உண்டு என்று எழுதிவிடலாமா?

பதில்: எழுதிவிடாதீர்கள். டர்பின்-வாட்சன் (விளக்காமல் விட்ட மிச்சம் முந்தைய மிச்சத்தோடு ஒட்டி ஓடுகிறதா என்று காட்டும் எண்) எவ்வளவு என்று சொல்லவே இல்லையே? அது 0.3 மாதிரி அடிமட்டத்தில் கிடந்தால் ஆர்-ஸ்கொயரை நம்பவே கூடாது. 1974-இல் பொருளியல் ஆய்வாளர்கள் கிரேஞ்சரும் நியூபோல்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ரேண்டம் வாக் (ஒவ்வொரு அடியும் தற்செயலாக அலையும்) தொடர்களைக் கணினியில் உருவாக்கி ரிக்ரஷன் போட்டார்கள். உறவு தற்செயலா என்று பார்க்கும் வழக்கமான டி-சோதனை முக்கால்வாசி தடவை ‘உறவு உண்டு’ என்றது. 1980-இல் இன்னொரு பொருளியல் ஆய்வாளர் ஹென்ட்ரி, பிரிட்டனின் விலைவாசியை ஆண்டாண்டாகக் கூட்டிக்கொண்டே வந்த மழையளவால் அழகாக ‘விளக்கி’ கேலி செய்தார். முதலில் வரைபடம் போட்டுப் பாருங்கள். பிறகு யூனிட் ரூட் சோதனை: தொடர் நிலையாக ஓரிடத்துக்குத் திரும்புகிறதா, ரேண்டம் வாக் மாதிரி அலைகிறதா என்று. அதற்கப்புறம்தான் ரெசிடுவல், அதாவது ரிக்ரஷன் விளக்காமல் விட்ட மிச்சம்; அது அலையாமல் இருந்தால்தான் நீண்டகால உறவு.

கேள்வி: ரெசிடுவலுக்கு ஏ.டி.எஃப். (ஒரு யூனிட் ரூட் சோதனை; எல்லைக்குக் கீழே வந்தால் பாஸ்) -3.1 வந்தது. 5% எல்லை -2.86. பாஸ்தானே அண்ணா?

பதில்: ஃபெயில், தம்பி. அந்த எல்லை தானாகக் கிடைத்த தொடருக்கு. ரெசிடுவல் நீங்கள் மதிப்பிட்டு எடுத்தது, ஓ.எல்.எஸ். (வழக்கமான ரிக்ரஷன் முறை) அதை முடிந்தவரை அடக்கித்தான் கையில் தரும். அதனால் கடுமையான எல்லை வேண்டும்: இரண்டு தொடர், மாறிலி உண்டு என்றால் சுமார் -3.34. இந்த எல்லைகளைத் தரும் மெக்கின்னன் அட்டவணையைப் பாருங்கள்.

கேள்வி: நீண்டகால உறவைச் சோதிக்கும் இன்னொரு முறையான ஏ.ஆர்.டி.எல். பவுண்ட்ஸுக்கு யூனிட் ரூட் சோதனையே வேண்டாமாமே?

பதில்: இந்த மதிப்பிலிருந்து முந்தைய மதிப்பைக் கழிக்கும் வித்தியாசத்தை இரண்டு முறை எடுத்தால்தான் அலையாமல் அடங்கும் தொடர் உள்ளே இருந்தால் முறை செல்லாது. அப்படி ஒன்று இல்லை என்று காட்டவாவது சோதனை வேண்டும். வரைபடமும்.

கேள்வி: 30 ஆண்டுத் தரவை மென்பொருளில் காலாண்டாக்கி 120 ஆக்கினேன். இப்போது ஜோஹான்சன் (நீண்டகால உறவுக்கான மற்றொரு சோதனை) போடலாமா?

பதில்: கூடாது. 90 எண்களை மென்பொருள் கற்பனை செய்திருக்கிறது.

கேள்வி: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நிஜமான மாதத் தரவே 5 வருடத்துக்கு இருக்கிறது, 60 எண். 30-ஐவிட அது மேல்தானே?

பதில்: இல்லை. நீண்டகால உறவிலிருந்து விலகிய இடைவெளி ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வையுங்கள். பாதியாகவே மூன்று வருடம் பிடிக்கும். விலகிப்போய்த் திரும்பி வருவதை 5 வருடத்தில் எத்தனை தடவை பார்ப்பீர்கள்? பொருளியல் ஆய்வாளர்கள் ஷில்லரும் பெரானும் 1985-இலேயே காட்டியது இதுதான்: சோதனையின் பலம் எத்தனை எண் என்பதைவிட எத்தனை வருடம் என்பதில்தான் அதிகம் இருக்கிறது.

கேள்வி: இடைவெளி வேகமாக மூடினால்?

பதில்: நல்ல கேள்வி. சில மாதத்திலேயே திரும்பிவிடும் உறவென்றால் 5 வருடம் போதலாம். அங்கே ஆண்டுத் தரவுதான் அதைக் கோட்டைவிடும். இந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். அந்த 120-க்கு மட்டும் மாட்டேன்.

கேள்வி: சார், எனக்கு ஆர்-ஸ்கொயர் 0.99...

பதில்: முதல் பதில். வரைபடம்.