பெர்சி ஜாக்சன் நல்ல நாவல்தானா?

கேள்வி: புத்தகம் என்றாலே ஓடிப்போகும் என் மகன் (ஏழாம் வகுப்பு) ரிக் ரியோர்டனின் ‘பெர்சி ஜாக்சன்’ வரிசையில் முதல் நாவலான ‘தி லைட்னிங் தீஃப்’பை இரண்டு முறை படித்துவிட்டு அடுத்த பாகம் கேட்கிறான். புரட்டிப் பார்த்தேன். கணக்கு டீச்சர் பேயாக மாறுகிறார். கடைசியில் ஒருவர் கல்லாகிவிடுகிறார். இது நல்ல நாவல்தானா? வாங்கிக் கொடுக்கலாமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: தாராளமாக வாங்கிக் கொடுங்கள். டீச்சர் பேயாவதையெல்லாம் இந்த வயதுப் பிள்ளைகள் ரசித்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். கல்லாவது வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.

2005-இல் வந்த நாவல் இது. ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். டிஸ்லெக்ஸியாவும் (எழுத்துகளைப் படிப்பதில் சிரமம்) கவனக் குறைபாடும் இருந்த தன் மகனுக்கு இரவில் சொன்ன கதையிலிருந்துதான் இது பிறந்தது. நாயகன் பெர்சிக்கு 12 வயது, கிரேக்கக் கடவுள் ஒருவரின் மகன். எழுத்துகள் கண்முன் நீந்தும், ஓரிடத்தில் உட்கார முடியாது, பள்ளி பள்ளியாக வெளியே அனுப்பப்படுகிறான். கதை அவனிடம் சொல்வது இதுதான்: உன் மூளை பழைய கிரேக்க மொழிக்காக அமைந்தது, உன் துறுதுறுப்புதான் சண்டையில் உன் உயிரைக் காக்கும். மக்கு என்று பேர் வாங்கிய பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! இந்த நாவலின் உயிரே இதுதான். ஆனால் உங்கள் மகனுக்கு நிஜமாகவே வாசிப்பதில் சிரமம் இருந்தால், ஆறுதலோடு நிறுத்தாமல் சிறப்பு ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள்.

பலவீனம் கதைப்பின்னலில் இருக்கிறது. பார்ப்பவரைக் கல்லாக்கும் கிரேக்கப் புராண அரக்கி மெடூசாவின் கடையைப் பாருங்கள். முற்றம் முழுக்கப் பயந்த முகத்தோடு கற்சிலைகள், முக்காடு போட்ட பெண்மணி ஒருத்தி இலவசமாக பர்கர் தருகிறாள். வாசிக்கிற பிள்ளைக்கு உடனே புரிந்துவிடும். புராணமெல்லாம் கரைத்துக் குடித்த பெர்சியின் தோழி அனபெத்துக்கு மட்டும் நெடுநேரம் உறைக்காது. அப்புறம் லாஸ் வேகாஸ் விடுதி, மெத்தைக் கடை என்று இதே வலை திரும்பத் திரும்ப வருகிறது. கிரேக்கக் கடவுள்கள் ‘மேற்கின் இதயம்’ இருக்கும் இடத்துக்குக் குடிபெயர்வார்களாம், இப்போது அது அமெரிக்காவாம். இதைக் கதையில் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. உங்கள் மகன் கேட்கட்டும்.

சரி, கல்லான மனிதர். அவர் பெர்சியின் மாற்றாந்தந்தை. அவர் கை ஓங்கும்போது அம்மா சட்டென்று ஒடுங்குவதைப் பார்த்துத்தான், அவளை அவர் அடித்திருக்கிறார் என்று பெர்சிக்குப் புரிகிறது. இரண்டே வரிகள்தான், ஆனால் புத்தகத்திலேயே நேர்மையான இடம் அது. பிறகு அம்மா மெடூசாவின் தலையைக் கொண்டு அவரைச் சிலையாக்கி விற்றுவிடுகிறாள், அந்தப் பணத்தில் வீடு பார்த்துக் கல்லூரியில் சேர்கிறாள். இவ்வளவு கனமான விஷயத்தை ஆசிரியர் வேடிக்கையாக முடித்துவிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்த அத்தியாயத்தை மட்டும் நீங்களும் படித்துவிட்டு, “அந்த அம்மா வேறு என்ன செய்திருக்கலாம்?” என்று மகனிடம் கேளுங்கள்.

அடுத்த பாகம் ‘தி சீ ஆஃப் மான்ஸ்டர்ஸ்’. வரிசைப்படியே வாங்குங்கள், முதல் பாகத்தில் துரோகம் செய்தவனின் கதை அதில் தொடர்கிறது.