மைனஸில் நிற்கும் கணக்கு

கேள்வி: எனக்கு வயது 27. தனியார் நிறுவனத்தில் வேலை. எட்டு மாதங்களாக நிஃப்டி 50 பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) கட்டுகிறேன். கட்டிய 40,000 ரூபாய் இப்போது 38,400 ஆகிவிட்டது. வங்கியில் 45,000, பி.எஃப். கணக்கில் 1,10,000 இருக்கிறது. கல்விக் கடன் பாக்கி 3,60,000. வட்டி 10 சதவீதம், தவணை 7,500. தினமும் இரவு எக்செலில் நெட்வொர்த் (சொத்தில் கடன் போக மிச்சம்) போட்டுப் பார்த்தால் மைனஸில்தான் நிற்கிறது. எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிடலாமா? எனக்காக அம்மா வைத்திருக்கும் 5 பவுன் நகையைச் சேர்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, கோவை

பதில்: உங்கள் நெட்வொர்த் இன்று மைனஸ் 1,66,600 ரூபாய். கல்விக் கடன் வாங்கிப் படித்து, வேலைக்கு வந்து சில ஆண்டுகளே ஆனவர்களின் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அந்தத் தொகையைவிட, அது மாதாமாதம் எதனால் நகர்கிறது என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

அடுத்த மாதத்தையே எடுத்துக்கொள்வோம். 7,500 ரூபாய் தவணையில் சுமார் 3,000 வட்டிக்குப் போக, 4,500 அசலில் கழியும். ஃபண்டில் 5,000 சேரும். வங்கி இருப்பில் நீங்கள் கை வைக்காதவரை, பி.எஃப். நீங்கலாகவே 9,500 ரூபாய் முன்னேற்றம். அந்த மாதமே சந்தை 10 சதவீதம் சரிந்தாலும் உங்கள் ஃபண்டில் குறைவது 3,840 ரூபாய்தான் என்பதால், நெட்வொர்த் அப்போதும் 5,660 ரூபாய் உயர்ந்திருக்கும். ஆக, இந்த ஆண்டுகளில் உங்கள் கணக்கை நகர்த்துவது சந்தை அல்ல, உங்கள் சம்பளம். ஃபண்டில் 5 லட்சம் சேர்ந்த பிறகு இதே சரிவு 50,000 ரூபாயைக் குறைத்துக் காட்டும். பத்து மாத எஸ்.ஐ.பி. ஒரே மாதத்தில் கரைந்ததுபோல் இருக்கும். 2020 ஜனவரியில் 12,300 புள்ளிகளைத் தாண்டியிருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைக் கடந்தது. மார்ச்சில் பயந்து விற்றவர்களுக்கு அந்த நவம்பரால் பயனில்லை.

ஆகவே எக்செலில் ‘நான் கட்டியது’, ‘சந்தை கூட்டியது அல்லது குறைத்தது’ என இரண்டு பத்திகளைத் தனித்தனியே வையுங்கள். இரவுதோறும் பார்ப்பதை விட்டுவிட்டு, ஃபண்டுகளின் பதிவாளர் நிறுவனங்களான கேம்ஸ், கேஃபின்டெக் இரண்டும் சேர்ந்து தரும் ஒருங்கிணைந்த அறிக்கையை மாதக் கடைசியில் மின்னஞ்சலில் பெற்று, அன்று ஒருமுறை மட்டும் நிரப்புங்கள். பி.எஃப். வரிசையில் பாஸ்புக்கில் காட்டும் உங்கள் பங்கையும் நிறுவனத்தின் பங்கையும் மட்டும் எழுதுங்கள். ஓய்வூதியத்துக்கு என்று பிரிந்து போகும் பகுதியைச் சேர்க்காதீர்கள்.

எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கூட்டவும் வேண்டாம். என்னை உறுத்துவது வங்கியில் இருக்கும் 45,000தான். வேலை போனால் தவணையையும் வீட்டுச் செலவையும் அது எத்தனை மாதம் தாங்கும்? முதலில் அதை ஆறு மாதச் செலவுக்கு ஈடாக உயர்த்துங்கள். இல்லையென்றால் சந்தை விழுந்திருக்கும் நேரத்தில்தான் ஃபண்டை விற்க நேரிடும். அதன் பிறகு வரும் போனஸைக் கடன் அசலில் கட்டுங்கள்: 10 சதவீத வட்டி மிச்சமாவது உறுதி, சந்தையில் அந்த உறுதி கிடையாது. பழைய வரி முறையில் இருந்தால் கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு. புதிய முறையில் இல்லை.

நகை அம்மாவின் பீரோவில் இருக்கும்வரை அது அம்மாவுடையது. உங்கள் கைக்கு வந்தபின் சேர்க்கலாம், ஆனால் வாங்கிய பில்லை வைத்து அல்ல. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எதுவும் திரும்பி வராது. கல் எடையைக் கழித்துவிட்டு, 22 காரட் தங்கத்துக்குக் கடையில் பழைய நகையை எடுத்துக்கொள்ளும் விலை எதுவோ, அதை மட்டும் எழுதுங்கள்.